டிராவல் கார்டும் பொதிகை எக்ஸ்பிரஸும்

போன மாசம் ஒரு சாயங்காலம் வேளச்சேரி ஸ்டேஷன் பக்கத்துல டீ குடிச்சிட்டு நிக்கும்போது பேங்க்ல இருந்து மெசேஜ் வந்துச்சு. உங்க டிராவல் கிரெடிட் கார்டோட ஆண்டு கட்டணம் 5,000 ரூபாய், அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி, ஆக மொத்தம் 5,900 அடுத்த ஸ்டேட்மென்ட்ல சேரும்னு. கையில இருந்த டீ 12 ரூபா. கிட்டத்தட்ட ஐநூறு டீ. அப்புறம் அந்த டீ இறங்கவே இல்ல.

இந்த கார்டு எப்படி வந்துச்சுன்னு சொல்லிடுறேன். ஆபீஸ் கீழ லாபியில ஸ்டால் போட்டிருந்தாங்க, கழுத்துல டேக் போட்ட ஒரு தம்பி, "சார் நீங்க டிராவல் பண்ணுவீங்களா"ன்னு கேட்டான். ஆமாப்பா, ஊருக்கு அடிக்கடி போவேன், வருஷத்துக்கு ரெண்டு தடவை ஆபீஸ் வேலையா பாம்பே டெல்லியும் போவேன்னேன். "அப்ப இது உங்களுக்காகவே பண்ண கார்டு சார்"னான். ஊருக்கு எதுல போறேன்னு அவனும் கேக்கல, நானும் சொல்லல. நான் போறது பொதிகை எக்ஸ்பிரஸ்ல, எழும்பூர்ல ஏறுனா தென்காசி, அதுவும் பாதி நேரம் ஸ்லீப்பர். அந்த கார்டு நினைச்சுட்டு இருந்த டிராவல் வேற, நான் பண்ற டிராவல் வேற. இது புரியறதுக்கு எனக்கு ஒரு வருஷமும் 5,900 ரூபாயும் ஆயிருக்கு.

பேங்க் பேரெல்லாம் வேண்டாம். ஏறக்குறைய எல்லா டிராவல் கார்டும் இதே மாதிரிதான் இருக்கு, நம்பர் மட்டும் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்.

அன்னைக்கு ராத்திரியே பன்னெண்டு மாச ஸ்டேட்மென்டையும் டவுன்லோடு பண்ணி, பொண்ணோட பழைய கணக்கு நோட்டு ஒண்ணுல எழுத உக்காந்தேன். எக்செல்ல போட்டிருக்கலாம்தான், ஆனா கையால எழுதுனாதான் எனக்கு வலிக்கும். மொத்த செலவு 4,36,000. அடேயப்பா இவ்வளவு செலவு பண்ணிருக்கோமான்னு அதுவே ஒரு ஷாக். கார்டோட கணக்குப்படி 100 ரூபாய்க்கு 2 பாயிண்ட், அப்ப 8,720 பாயிண்ட் வந்திருக்கணும்ல? வந்தது 5,800. மிச்சம் எங்கடான்னு தேடுனா, இன்சூரன்ஸ் பிரீமியம் கட்டுனதுக்கு பாயிண்ட் கிடையாது, பெட்ரோலுக்கு கிடையாது (சர்சார்ஜ் ஒரு பர்சன்ட் திருப்பித் தருவாங்க, அவ்வளவுதான்), வாலட்ல பணம் ஏத்துனதுக்கு கிடையாது, ஆப் வழியா ஸ்கூல் ஃபீஸ் கட்டுனதுக்கும் கிடையாது. 1,46,000 ரூபாய் செலவு, ஒரு பாயிண்ட் இல்ல. நடுத்தரக் குடும்பத்துல பெரிய செலவுன்னா எதுங்க? வாடகை, ஸ்கூல் ஃபீஸ், இன்சூரன்ஸ், பெட்ரோல். அந்த லிஸ்ட்டை அப்படியே எடுத்து "இதுக்கெல்லாம் பாயிண்ட் இல்லை"ங்கிற லிஸ்ட்டா போட்டு வச்சிருக்கான். கடைக்காரங்க எந்த வகைக் கடைன்னு ஒரு நாலு இலக்க கோடு இருக்கு, எம்சிசின்னு சொல்லுவாங்க, நாம தேய்க்கிறப்ப அந்த கோடுதான் பேங்குக்கு போகும், பாயிண்ட் உண்டா இல்லையான்னு அதை வச்சுதான் முடிவு. நாம என்ன வாங்குனோம்ங்கிறது அவனுக்கு தெரியவே தெரியாது.

இதுக்கு நடுவுல என் வீட்டம்மாவோட தம்பியை பத்தி சொல்லியாகணும். கோயம்புத்தூர்ல இருக்கான், கையில ஏழு கார்டு, எந்தக் கடையில எந்த கார்டைத் தேய்க்கணும்னு ஒவ்வொண்ணு மேலயும் சின்ன ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருப்பான். போன் பண்ணி, மாப்ள இதை ரத்து பண்ணிடலாம்னு பாக்குறேன்னேன். "அத்தான், அவசரப்படாதீங்க, உங்ககிட்ட இருக்க பாயிண்டோட மதிப்பு என்னன்னு முதல்ல பாருங்க"ன்னான்.

சரின்னு அதையும் பாத்தேன். ஒரு பாயிண்ட்டுக்கு மூணு விலை இருக்கு. ஸ்டேட்மென்ட்ல கழிச்சுக்கோன்னு சொன்னா 25 பைசா. ஷாப்பிங் வவுச்சரா எடுத்தா 50 பைசா. ஏர்லைன் மைல்ஸா, அதாவது விமானக் கம்பெனியோட சொந்த பாயிண்டா மாத்துனா ஒரு ரூபாய் வரைக்கும் வரும்னு விளம்பரம். அந்த "வரைக்கும்"ங்கிற வார்த்தைதான் எல்லா வேலையும் பாக்குது. நான் ஒரு தடவை நிஜமாவே முயற்சி பண்ணேன், பொங்கலுக்கு மூணு பேருக்கு சென்னை டூ மதுரை. மைல்ஸ்ல சீட்டே காட்டல. பொங்கல் முடிஞ்சு பத்து நாள் கழிச்சு ஒரு புதன்கிழமை மத்தியானம் காட்டுச்சு, அதுவும் மைல்ஸ் போக டாக்ஸ், ஏர்போர்ட் கட்டணம்னு தனியா காசு கட்டணுமாம். அந்தப் புதன்கிழமை எனக்கு மதுரையில என்ன வேலை? அந்த நாளுக்கு காசு டிக்கெட்டே சல்லிசாத்தான் இருந்துச்சு. பாயிண்ட் ஒருதடவை ஏர்லைன் பக்கம் போயிட்டா திரும்ப பேங்குக்கு வராதுங்கிறதையும் மறந்துடாதீங்க. ஏர்லைனே எப்ப வேணா மாறும். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ல பறக்கிறதை நிறுத்துச்சு, விஸ்தாரா 2024 நவம்பர் 12-ல ஏர் இந்தியாவோட சேர்ந்துடுச்சு, அந்தப் பேர் போட்ட கார்டை வச்சிருந்தவங்க நிலைமைய யோசிங்க. பாயிண்டுக்கு வட்டி கிடையாது, விலைவாசி மட்டும் உண்டு. சேத்து வைக்க வைக்க தேயும்.

இப்ப லவுஞ்ச், அதான் ஏர்போர்ட்ல கார்டைத் தேய்ச்சா உள்ள விட்டு உக்கார வச்சு சாப்பாடு போடுற இடம். ஏன்னா யாரைக் கேட்டாலும் "அட லவுஞ்சு ஒண்ணுக்கே போட்ட காசு வந்துடும்"பாங்க.

வருஷத்துல நாலு தடவை போற மாதிரி அமைஞ்சுது. முதல் தடவை சென்னை ஏர்போர்ட்ல காலையில ஆறே முக்காலுக்கு போறேன், வாசல்லயே இருபது பேர் வரிசை, நம்ம ரேஷன் கடை வரிசைதான், என்ன, எல்லார் கையிலயும் டிராலி பேக். கார்டைத் தேய்ச்சு ரெண்டு ரூபா எடுத்தாங்க. உள்ள போனா உக்கார இடமில்ல. ஒரு தூண் ஓரமா நின்னுக்கிட்டே ரெண்டு இட்லி, ஒரு மெதுவடை, மிஷின் காபி. வடை ஆறிப்போய் விரலால அமுக்குனா ரப்பர் பந்து மாதிரி எழும்பி வருது. அதுக்குள்ள போர்டிங் கால். ரெண்டாவது மூணாவது தடவை பரவால்ல, சோபா கிடைச்சுது, ஒரு தடவை கேசரிகூட இருந்துச்சு. நாலாவது தடவைதான் கூத்து. மிஷின் கார்டை ஏத்துக்கல. திரும்ப தேய்ச்சாங்க, ஏத்துக்கல. அந்தப் பொண்ணு ரொம்ப மரியாதையா, "சார், போன குவார்ட்டர்ல ஐம்பதாயிரம் ஸ்பென்ட் பண்ணியிருந்தாதான் இந்த குவார்ட்டர் அலோவ்டு, பேங்க் ரூல் மாத்திட்டாங்க"ன்னுச்சு. எனக்கு பின்னாடி கோட்டு போட்ட ஒருத்தர் நிக்கிறாரு. அவரு முன்னாடி, செலவு பத்தலைன்னு சொல்லி திருப்பி அனுப்புறாங்க! கடன் அடைக்காதவனை திருப்பி அனுப்புனா ஞாயம், கம்மியா செலவு பண்ணவனை திருப்பி அனுப்புறது இங்கதான் பாத்தேன். வெளிய வந்து 190 ரூபா குடுத்து ஒரு காபியும் பன்னும் சாப்பிட்டேன்.

லவுஞ்சுக்கு என்ன மதிப்பு போடுறதுங்கிறதுலதான் எனக்கும் மாப்ளைக்கும் பெரிய சண்டை. அவன் ஒரு விசிட்டுக்கு 1,500 போடுறான், ஏன்னா கார்டு இல்லாம நேரா போனா அந்த மாதிரி ரேட்டு சொல்றாங்களாம். நான் கேட்டேன், கார்டு இல்லாம இருந்தா நான் என்னைக்காவது 1,500 குடுத்து உள்ள போவேனா? மாட்டேன். வெளிய ஒரு காபி வடை சாப்பிடுவேன், மிஞ்சிப்போனா 250 ஆகும். அப்ப எனக்கு மிச்சம் 250 தானே? மூணு விசிட்டுக்கு 750. "நீங்க அந்த எக்ஸ்பீரியன்சை கணக்குல எடுக்க மாட்டேங்கறீங்க அத்தான்"னான். அந்த வடை எக்ஸ்பீரியன்ஸையும் கணக்குல எடுத்தா 750-ல இருந்து கழிக்கத்தான் வேணும்.

அப்புறம் சிங்கப்பூர் போயிட்டு வந்த கதை. கோடை லீவுல மச்சினி வீட்டுக்கு ஒரு வாரம் போனோம், தங்குற செலவு இல்லைங்கிறதால தைரியமா கிளம்பிட்டோம். இங்கதான் இந்த கார்டு உருப்படியா ஒரு வேலை பாத்துச்சு, அதை மறைக்கக்கூடாது. சாதாரண கார்டுல வெளிநாட்டு செலவுக்கு 3.5% ஃபாரெக்ஸ் மார்க்கப், அதாவது அந்த ஊர் காசை ரூபாயா மாத்துறதுக்கு பேங்க் எடுக்கிற கூடுதல் கட்டணம், அதுமேல ஜிஎஸ்டி சேர்த்தா 4.13%. இந்த கார்டுல மார்க்கப் 2%, ஜிஎஸ்டியோட 2.36%. வித்தியாசம் 1.77%. அங்க நாங்க தேய்ச்சது ஏறக்குறைய 80,000, ஆக 1,416 ரூபா நிஜமாவே மிச்சம்.

ஆனா அந்த மிச்சத்துலயும் கொஞ்சம் ஓட்டை போட்டுட்டு வந்தேன். செராங்கூன் ரோடு பக்கம் ஒரு கடையில அம்மாவுக்கு ஒரு வாட்ச் எடுத்தேன், 120 வெள்ளி, அதான் சிங்கப்பூர் டாலர். கார்டு மிஷினை என் பக்கம் திருப்பி வச்சாங்க, அதுல ரெண்டு பட்டன், ஒண்ணுல சிங்கப்பூர் டாலர், இன்னொண்ணுல இந்திய ரூபாய். ரூபாய்னா நமக்கு தெரிஞ்ச காசாச்சே, எவ்வளவு போகுதுன்னு இப்பவே தெரிஞ்சுடுமேன்னு ரூபாயை அமுக்கிட்டேன். அதுதான் தப்பு. ரூபாயா மாத்துறது நம்ம பேங்க் இல்ல, அந்த மிஷின்காரன், அவன் வச்சதுதான் ரேட்டு. ராத்திரி மச்சினி வீட்டுக்காரர் கணக்குப் போட்டு சிரிக்கிறாரு, முந்நூறு முந்நூத்தம்பது கூடுதலா போயிருக்கு. அதோட முடியல, ஸ்டேட்மென்ட் வந்தப்ப பாத்தா, வெளிநாட்டுக் கடையில ரூபாயில தேய்ச்சதுக்குன்னு பேங்க் தனியா ஒரு பர்சன்ட்டும் அதுக்கு ஜிஎஸ்டியும் போட்டிருக்கு. வெளிநாடு போறவங்க இது ஒண்ணை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, எந்த கார்டா இருந்தாலும் சரி, அந்த ஊர் காசையே அமுக்குங்க. இன்னொண்ணு, ஆண்டு கட்டணமே இல்லாம ஃபாரெக்ஸ் மார்க்கப் ஜீரோன்னு தர்ற கார்டுகளும் நம்ம நாட்டுலயே இருக்கு. அதைத் தேய்ச்சிருந்தா அந்த 2.36 கூட போயிருக்காது. திரும்பி வந்த அப்புறம்தான் எனக்கு தெரிஞ்சுது.

ஏர் ஃப்ரையர் விஷயத்தை எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். எழுதிடுறேன். வருஷத்துக்கு மூணு லட்சம் செலவு பண்ணா 2,500 பாயிண்ட் போனஸ்னு ஒரு திட்டம். பிப்ரவரி கடைசியில ஆப்ல பாத்தா ஏறக்குறைய தொட்டுட்ட மாதிரி காட்டுச்சு, இன்னும் ஒரு பத்தாயிரம் செலவு பண்ணிட்டா போதும்னு என் புத்திக்கு பட்டுச்சு. வீட்ல யாரும் கேக்காத ஒரு ஏர் ஃப்ரையர், 11,400 ரூபா, வாங்கிட்டேன். "ஏங்க, இது எதுக்குங்க"ன்னா. எண்ணெய் கம்மியா சாப்பிடணும்ல, அதான்னேன். போனஸ் வரல. போன் பண்ணி கேட்டா, மூணு லட்சம்னா பாயிண்ட் வர்ற செலவு மட்டும்தான் கணக்காம், இன்சூரன்ஸ் பெட்ரோல் எல்லாம் போக நான் 2,90,000-ல நிக்கிறேன். இன்னும் பத்தாயிரம் தேவைப்பட்டுச்சு. ஃப்ரையர் இப்ப ஃப்ரிட்ஜ் மேல இருக்கு, அதுக்குள்ள ரப்பர் பேண்டும் பழைய சாவியும் போட்டு வச்சிருக்கோம்.

நடுவுல ஒரு மாசம், அம்மாவுக்கு கண் ஆபரேஷன் வந்ததால, 62,000 பில்லுக்கு மினிமம் டியூ, அதாவது குறைஞ்சபட்சம் கட்ட வேண்டியதை மட்டும் கட்டுனேன், 3,100 ரூபா. மாச வட்டி 3.75%, வருஷத்துக்கு 45%ங்க. அதுவும் பாக்கி வச்சா புதுசா தேய்க்கிறதுக்கும் அன்னைல இருந்தே வட்டி ஓடும், அந்த நாப்பத்தஞ்சு நாள் சலுகையெல்லாம் போயிடும். ஜிஎஸ்டியோட சேர்ந்து ஒரே மாசத்துல கிட்டத்தட்ட மூவாயிரம். பல மாசமா சேத்த பாயிண்டோட மதிப்பு ஒரு தேதியில காலி. மாசாமாசம் முழுசா கட்ட முடியாதவங்க இந்தக் கட்டுரையை இங்கயே மூடிடலாம், பாயிண்ட் கணக்கே உங்களுக்கு தேவையில்ல.

சரி, நோட்டுக்கு வருவோம். முதல்ல எல்லாரும் பண்ற தப்பையே நானும் பண்ணேன். 5,800 பாயிண்டுக்கு ரூபாய்க்கு ரூபாய் 5,800, ஃபாரெக்ஸ் 1,416, லவுஞ்ச் 750, கூட்டுனா 7,966, கட்டணம் 5,900, ஆக ரெண்டாயிரம் லாபம்! சந்தோஷமா நோட்டை மூடப் போனேன். அப்பதான் பழைய கார்டு ஞாபகம் வந்துச்சு. ஆண்டு கட்டணமே இல்லாத ஒரு சாதா கார்டு டிராயர்ல கிடக்கு, எல்லாத்துக்கும் 1% கேஷ்பேக், நேரா பில்லுல கழியும். அதே 2,90,000-ஐ அதுல தேய்ச்சிருந்தா சும்மாவே 2,900 வந்திருக்கும். அப்ப டிராவல் கார்டு எனக்கு கூடுதலா குடுத்தது 5,800 இல்ல, வெறும் 2,900 தான். அதோட 1,416, 750, மொத்தம் 5,066. கட்டணத்துக்கு 834 குறையுது. இதுவும் பாயிண்டுக்கு முழுசா ஒரு ரூபா கிடைச்சாத்தான். எனக்கு நிஜமா கைக்கு எட்டுற வவுச்சர் ரேட்டுக்கு 50 பைசா போட்டா 2,900, சாதா கார்டும் 2,900, கூடுதல் பூஜ்யம். மிஞ்சறது ஃபாரெக்ஸும் லவுஞ்சும், 2,166. அடுத்த வருஷம் சிங்கப்பூரும் இல்ல.

இன்னொரு பக்கமா போட்டுப் பாத்தேன். சாதா கார்டை விட ஒரு பர்சன்ட் கூட தருதுன்னு வச்சுக்கிட்டா, அந்த ஒரு பர்சன்ட்லயே 5,900-ஐ எடுக்கணும்னா 5,90,000 செலவு பண்ணணும். அதுவும் பாயிண்ட் வர்ற செலவு. நம்ம வீட்ல முடியுமா? ஏழு எட்டு ஏர் ஃப்ரையர் வாங்குனா கூட பத்தாது.

யாருக்குமே ஆகாதுன்னு சொல்ல வரல. என் டீம்ல ஒரு அண்ணன் இருக்காரு, கிளையன்ட் வேலையா மாசம் ரெண்டு தடவை பறக்குறவரு, டிக்கெட், ஹோட்டல் எல்லாத்தையும் சொந்த கார்டுல போட்டுட்டு அப்புறம் கம்பெனியில வாங்கிக்குவாரு. எனக்கு ஆபீஸ் டிராவல் டெஸ்க்கே டிக்கெட் போட்டுடும், அதனால ஒரு பாயிண்ட் இல்ல. அவருக்கு பணம் கம்பெனியோடது, பாயிண்ட் அவரோடது. வருஷத்துக்கு பத்து லட்சத்துக்கு மேல தேய்க்கிறாரு, தேதியும் அவர் இஷ்டம், சீட் எந்த நாள் காட்டுதோ அன்னைக்கு லீவு போட்டுக்குவாரு, பசங்க காலேஜ் முடிச்சாச்சு. போன வருஷம் ரெண்டு பேரும் பாங்காக் போயிட்டு வந்தாங்க, கையில இருந்து போனது டாக்ஸ் மட்டும்தான். அவருக்கு இந்தக் கார்டு ஒரு கறவை மாடு. என் வீட்ல அதே மாடு தீனி மட்டும் தின்னுச்சு.

ரயில் ஆளுங்களுக்கு ஐஆர்சிடிசி பேர் போட்ட எஸ்பிஐ கார்டு இருக்கேன்னு கேப்பீங்க. அதையும் பாத்தேன். நான் பாத்தப்ப அடிப்படை கார்டுக்கு முதல் வருஷம் 500, அப்புறம் வருஷம் 300, ஜிஎஸ்டி தனி. ஐஆர்சிடிசி சைட்ல ஏசி கிளாஸ் டிக்கெட் போட்டா 10% வரைக்கும் பாயிண்டா வரும், அதை டிக்கெட்டுக்கே கழிச்சுக்கலாம். கணக்கு சுத்தமா இருக்கு, ஆனா ஸ்லீப்பருக்கு அந்த 10% கிடையாது. நாங்க வெயில் காலத்துல மட்டும் தேர்ட் ஏசி, வருஷத்துக்கு ரெண்டு தடவை, மூணு பேருக்கு போக வர சேர்த்து ஒரு பன்னெண்டாயிரத்து அறுநூறு ஆகும், அதுல 1,260 வரும், 354 கட்டணம் போனா தொள்ளாயிரம் மிச்சம். பரவால்ல ரகம். இன்னும் முடிவு பண்ணல. ராஜபாளையம் தாண்டி விடியுறப்ப ஜன்னலைத் திறந்து வச்சு மேற்கு மலையைப் பாக்குறதுக்கு ஸ்லீப்பர்தான் சரி, ஏசில அந்தக் கண்ணாடி அழுக்கா இருக்கும். இதுக்கு பாயிண்ட் எவ்வளவு போடுறதுன்னு மாப்ளகிட்ட கேக்கணும்.

மறுநாள் ரத்து பண்ணச் சொல்லி போன் போட்டேன். இருபது நிமிஷம் பாட்டு கேட்டேன். அப்புறம் வந்த பொண்ணு, அறுபது நாள்ல ஒரு லட்சம் செலவு பண்ணா இந்த வருஷக் கட்டணம் ரத்துன்னு சொல்லுச்சு. ஃப்ரிட்ஜ் மேல ஏறிட்டுப் பாத்தேன். வேண்டாம்மா, மூடிடுங்கன்னேன். பாக்கி இல்லேன்னா, கேட்டு ஏழு வேலை நாளுக்குள்ள கார்டை மூடியாகணும், தாமதமானா நாளுக்கு 500 ரூபா நமக்கு தரணும்னு ரிசர்வ் பேங்க் விதி இருக்கு, அதைச் சொன்னதும் அந்தப் பக்கம் குரல் கொஞ்சம் மாறுச்சு. மூடுறதுக்கு முன்னாடி பாயிண்டை காலி பண்ணிடுங்க, அப்புறம் போயிடும். எனக்கு ஜாயினிங் போனஸ் 2,500-உம் சேர்த்து 8,300 இருந்துச்சு. வவுச்சரா மாத்துனா 4,150 ரூபா.

ஊருக்கு போன்ல அம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். "ஏல, வருசம் பூரா கடன் அட்டையத் தேய்ச்சு கடைசில என்ன வாங்குன?"ன்னா.

அஞ்சு லிட்டர் குக்கரும் ஒரு தோசைக்கல்லும்மா.

"தோசைக்கல்லு இரும்பா?"

இரும்புதான்.

"அப்ப சரி. நீ எப்ப வார?"

ஆயுத பூஜைக்கு பொதிகையில போட்டிருக்கேன், யூபிஐல. வெயிட்டிங் லிஸ்ட் 14.